உறங்காத இரவுகள்: நினைவாற்றலும் இதயமும்

முன்னுரை

தேர்வுக் காலம் வந்துவிட்டால் பல்கலைக்கழக விடுதிகளில் ஒரு விசித்திரமான போட்டி தொடங்கிவிடும். "நேற்று இரண்டு மணி நேரம்தான் தூங்கினேன்" என்பார் ஒருவர். "நான் கண்ணையே மூடவில்லை" என்பார் மற்றொருவர். இரண்டாமவரே வென்றுவிட்டதாக நாமும் எடுத்துக்கொள்வோம். தூக்கம் சோம்பேறியின் அடையாளம், விழிப்பு உழைப்பாளியின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறிப்போயிருக்கிறது.

இந்த எண்ணத்திற்கு நாம் திருவள்ளுவரையும் சாட்சிக்கு அழைப்பதுண்டு. 'மடியின்மை' அதிகாரத்தில் 605ஆவது குறளில், கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலமாக அவர் நான்கு குணங்களைச் சொல்கிறார். காலந்தாழ்த்துதல், மறதி, சோம்பல், தூக்கம் ஆகியவை அந்நான்கு. ஆனால் அங்கே சொல்லப்படுவது அளவு மீறிய தூக்கம் என்றே டாக்டர் மு.வ. உரை எழுதியிருக்கிறார். அதே பட்டியலில் மறதியும் இருப்பதை நாம் கவனிக்கத் தவறுகிறோம். அளவுக்குக் குறைந்த தூக்கம் மனிதனை அந்த மறதியிடமே கொண்டுபோய் விடுகிறது என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. மறதியோடு அது நிற்பதுமில்லை, இதயத்தையும் தொடுகிறது.

நாட்பட்ட தூக்கமின்மை நினைவாற்றலையும் இதயத்தையும் எவ்வாறு பாதிக்கிறது, நம் சமூகம் இதில் ஏன் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும், இதற்குத் தீர்வு உண்டா என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாய் மொழியில் படித்தவன் நான். இவற்றைத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இக்கட்டுரைக்கு ஒரு காரணம்.

தூக்கமின்மை என்பது எது?

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தூங்க நேரம் இருந்தும், படுக்கை இருந்தும், தூங்காமல் படம் பார்ப்பவருக்கு இருப்பது தூக்கக் குறைவு. படுத்தும் தூக்கம் வராமல் தவிப்பவருக்கு இருப்பதே தூக்கமின்மை. அது மூன்று வகையில் வெளிப்படும். சிலருக்குப் படுத்து வெகுநேரம் ஆகியும் கண் மூடாது. சிலர் நள்ளிரவில் விழித்துக்கொண்டு மீண்டும் தூங்க முடியாமல் புரளுவார்கள். சிலருக்கு விடியுமுன்பே தூக்கம் கலைந்துவிடும். இதனால் பகல் வேளையில் சோர்வு, எரிச்சல், கவனக்குறைவு ஆகியவை தொடரும். இந்நிலை வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நீடித்தால் மருத்துவர்கள் அதை நாட்பட்ட தூக்கமின்மை என்று வகைப்படுத்துகிறார்கள்.

இது அரிய நோயன்று. மலேசிய நகர்ப்புறங்களில் பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வில், 33.8 விழுக்காட்டினருக்குத் தூக்கமின்மையின் அறிகுறிகள் இருந்தன, 12.2 விழுக்காட்டினருக்கு அது நாட்பட்டதாக இருந்தது. அதாவது, முப்பது பேர் அமர்ந்திருக்கும் ஒரு கூட்டத்தில் மூன்று நான்கு பேர் இவ்வகையினராக இருக்கக்கூடும்.

உறங்கும்போது மூளை என்ன செய்கிறது?

விளக்கை அணைத்ததும் மூளையும் அணைந்துவிடும் என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவரும் அவருடைய பேராசிரியர் நதானியல் கிளைட்மனும், தூங்குபவரின் மூடிய கண்கள் சில வேளைகளில் விரைந்து அசைவதைப் பதிவு செய்தார்கள். கனவுகள் பெரும்பாலும் அந்நேரத்தில்தான் வருகின்றன. தூக்கம் என்பது ஒரே சீரான நிலையன்று, பல கட்டங்கள் கொண்ட ஒரு பணி என்பது அதிலிருந்து தெளிவாகத் தொடங்கியது.

ஓர் இரவில் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகள் நான்கு அல்லது ஐந்து வருகின்றன. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த தூக்கம் மிகுதி. பிற்பகுதியில் கனவுத் தூக்கம் மிகுதி. ஆகவே அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து படிப்பவர் 'பாதித் தூக்கத்தை' மட்டும் இழப்பதில்லை. கனவுத் தூக்கத்தின் பெரும் பங்கை அவர் இழந்துவிடுகிறார்.

நினைவாற்றலுக்கு நேரும் பாதிப்பு

நம் மூளையின் உட்பகுதியில் ஹிப்போகேம்பஸ் என்ற ஓர் உறுப்பு உள்ளது. கடற்குதிரை போன்ற வடிவம் கொண்டது என்பதால் அதற்கு அப்பெயர். பகலில் நாம் கற்பவை முதலில் இங்கேதான் வந்து தங்குகின்றன. மளிகைக் கடைக்கு லாரியில் வந்திறங்கும் மூட்டைகளை எண்ணிப் பாருங்கள். வியாபாரம் நடக்கும்போது அவை வாசலிலேயே கிடக்கும். கடையை மூடிய பிறகுதான் அரிசியை அரிசி இருக்கும் இடத்திலும் பருப்பைப் பருப்பு இருக்கும் இடத்திலும் அடுக்க முடியும். மூளைக்குக் கடை மூடும் நேரம்தான் ஆழ்ந்த தூக்கம். அப்போதுதான் ஹிப்போகேம்பஸில் உள்ள புதிய செய்திகள் மீண்டும் ஓட்டிப் பார்க்கப்பட்டு, மூளையின் மேற்புறணியில் நிலையாகப் பதிகின்றன. பகலில் ஒரு பாதையில் ஓடிப் பழகிய எலிகளின் மூளையணுக்கள், பின்னர் அவை தூங்கும்போது அதே கோலத்தில் மீண்டும் இயங்குவதை 1994இல் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இதை மாணவர்களை வைத்தே சோதித்த பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1924இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டல்லன்பாக் என்ற இருவர், இரண்டு மாணவர்களுக்குப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்தபின் தூங்கிய நாள்களில், எட்டு மணி நேரம் கழித்து அவர்களுக்கு ஏறத்தாழ பாதி நினைவிருந்தது. அதே எட்டு மணி நேரத்தை விழித்தே கழித்த நாள்களில் பத்தில் ஒரு பங்கு அளவே நினைவிருந்தது. இருவரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான் இது. ஆயினும் அதன் பிறகு வந்த ஆய்வுகள் பலவும் இத்திசையையே காட்டின.

கற்றதைப் பதிய வைக்க மட்டுமல்ல, மறுநாள் புதிதாகக் கற்பதற்கும் தூக்கம் தேவை. இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 2003இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில், ஒரு பிரிவினர் தொடர்ந்து 14 இரவுகள் ஆறு மணி நேரம் மட்டுமே தூங்க அனுமதிக்கப்பட்டனர். முடிவில் அவர்களின் கவனமும் செயல்நினைவும், ஓரிரண்டு இரவுகள் முற்றிலும் தூங்காதவர்களின் நிலைக்குச் சரிந்திருந்தன. ஆனால் தாங்கள் அவ்வளவு மோசமாகிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை. "எனக்கு ஆறு மணி நேரமே போதும், பழகிவிட்டது" என்று சொல்லும் நண்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தூக்கக் குறைவைத் தூக்கம் குறைந்தவரே அளவிட முடியாது.

மேற்சொன்னவை தூக்கக் குறைவைப் பற்றிய ஆய்வுகள். தூக்கமின்மை நோய் உள்ளவர்களின் நிலை என்ன? அவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2012இல் வெளியான மதிப்பாய்வு, நிகழ்வுகளை நினைவில் வைத்தல், செயல்நினைவு, சிக்கல் தீர்த்தல் ஆகியவற்றில் இலேசான அல்லது நடுத்தரமான குறைபாடு இருப்பதைக் காட்டியது. பேரழிவு என்று சொல்லும் அளவுக்கு அது பெரிதன்று. ஆனால் ஒரு தரப்புள்ளி குறைந்தால் உபகாரச் சம்பளம் கைநழுவும் என்ற நிலையில் இருக்கும் மாணவருக்கு அந்த இலேசான குறைபாடே பெரும் இழப்பாகும்.

முதுமையிலும் இதன் நிழல் தொடரலாம். பிரிட்டனில் ஏறத்தாழ 8,000 அரசாங்க ஊழியர்களை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. ஐம்பது, அறுபது, எழுபது வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதிநோய் வரும் வாய்ப்பு 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. குறைந்த தூக்கம்தான் மறதிநோய்க்குக் காரணம் என்று இதனால் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதாகக் கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது வரையில்தான் நாம் சொல்லலாம்.

இதயத்திற்கு நேரும் பாதிப்பு

நாம் உறங்கும்போது இதயம் நிற்பதில்லை, ஆனால் இளைப்பாறுகிறது. நலமாக உள்ளவருக்கு இரவில் இரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்கும். நாடித்துடிப்பும் குறையும். தோட்டத் தொழிலாளி வாளியை இறக்கி வைத்துவிட்டு மரநிழலில் உட்காருவதைப் போன்ற ஓய்வு அது. தூக்கம் வராதவருக்கு இந்த இறக்கம் சரியாக நிகழ்வதில்லை. ஆபத்து வந்தால் ஓடவும் எதிர்க்கவும் உடலை ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் அவருக்கு இரவிலும் விழித்திருக்கிறது. மன உளைச்சலின்போது சுரக்கும் கார்ட்டிசோல் குறைய வேண்டிய நேரத்தில் குறையாமல் இருக்கிறது. இரத்தக் குழாய்களின் சுவர் ஓய்வின்றி அழுத்தத்தைத் தாங்குகிறது. ஓரிரவு என்றால் உடல் பொறுத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் என்றால்?

நார்வே நாட்டில் 52,610 பேரைப் பதினோர் ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த ஆய்வு இதற்கு விடை தேடியது. 2011இல் 'சர்குலேஷன்' மருத்துவ இதழில் வெளியான அதன் முடிவுப்படி, ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் படுத்ததும் தூக்கம் வராமல் தவித்தவர்களுக்கு, அப்படித் தவிக்காதவர்களைவிட மாரடைப்பு வரும் வாய்ப்பு 45 விழுக்காடு கூடுதல். இந்த எண்ணைப் பிழையாகப் புரிந்துகொள்ளக் கூடாது. தூக்கம் வராத நூறு பேரில் 45 பேருக்கு மாரடைப்பு வரும் என்பது இதன் பொருளன்று. மற்றவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், இவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு வரலாம் என்பதே பொருள்.

தூக்கமின்மையோடு தூங்கும் நேரமும் குறைந்தால் நிலைமை மேலும் கடுமையாகிறது. தூக்கமின்மை உள்ளவர்களை ஆய்வகத்தில் தூங்க வைத்து அளந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2009இல் வெளியானது. அவர்களில் ஐந்து மணி நேரத்திற்கும் குறைவாகத் தூங்கியவர்களிடம் உயர் இரத்த அழுத்தம் காணப்படும் வாய்ப்பு, நன்றாகத் தூங்குபவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது.

இதயத்திற்குப் பகையான இன்னொன்று நீரிழிவு. 1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நலமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். அந்த ஒரு வாரத்திற்குள்ளேயே இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் கையாளும் ஆற்றல் அவர்களின் உடலில் தெளிவாகக் குறைந்தது. அவர்கள் நோயாளிகள் அல்லர். நம் வயதை ஒத்த இளைஞர்கள்.

இத்தகைய சான்றுகள் சேர்ந்துகொண்டே வந்ததால், அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் இதய நலத்திற்கு இன்றியமையாதவை என்று தான் வகுத்திருந்த ஏழு கூறுகளோடு எட்டாவதாகத் தூக்கத்தையும் சேர்த்தது.

நம் சமூகமும் ஷா ஆலமும்

நாட்டு மக்களுக்கும், குறிப்பாக இந்தியர்களுக்கும் இதயநோய் புதிதன்று. மலேசியாவில் 2022ஆம் ஆண்டு மருத்துவச் சான்று பெற்ற மரணங்களில் 16.1 விழுக்காட்டுக்கு இதயக் குழாய் அடைப்பு நோயே காரணம். அவ்வாண்டின் முதன்மைக் காரணமும் அதுவே. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிகுதி. மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ ஏழு விழுக்காடுதான். மாரடைப்பால் மருத்துவமனைக்கு வருவோரில் நம் பங்கு அதைவிடப் பல மடங்கு. உப்பு, சர்க்கரை, புகை, பரம்பரை என்று இதற்குப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. தூக்கத்தைப் பற்றி மட்டும் நாம் பேசுவதே இல்லை.

நான் வளர்ந்தது ஷா ஆலமில். 1978இல் சிலாங்கூரின் தலைநகரமான இந்நகரம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களுமாக இருந்த நிலத்தில் எழுந்தது. தோட்ட வாழ்க்கையில் உழைப்பு கடுமை. ஆனால் இரவுக்கும் பகலுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்கள் இரவு எட்டு ஒன்பது மணிக்கெல்லாம் அடங்கிவிடுவார்கள் என்று என் பாட்டி சொல்வார். தோட்டம் போய்த் தொழிற்சாலை வந்தபோது அந்த ஒழுங்கும் போனது. செக்‌ஷன் 15, 16, 23 வட்டாரத் தொழிற்சாலைகளில் பல, இரவிலும் இயங்குபவை. ஒரு வாரம் காலை வேலை, மறுவாரம் மாலை வேலை, அதற்கடுத்த வாரம் இரவு வேலை என்று மாறிக்கொண்டே இருந்தால், உடலுக்குள் இருக்கும் கடிகாரம் எந்த நேரத்தைத்தான் நம்பும்?

என் அப்பா அப்படி 19 ஆண்டுகள் ஷிப்ட் வேலை பார்த்தவர். பிறகு பகல் வேலைக்கு மாறிவிட்டார். ஆனால் தூக்கம் திரும்பவில்லை. இரவு இரண்டு மணிக்கு வரவேற்பறையில் சத்தமில்லாமல் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். அதன் வெளிச்சத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். இரத்த அழுத்தத்திற்கு மருந்து வாங்கச் சென்ற ஒரு நாள் மருத்துவர், "ராத்திரி எப்படித் தூங்குறீங்க?" என்று கேட்டார். "வயசாச்சு டாக்டர், அவ்வளவுதான்" என்றார் அப்பா. "இல்ல டாக்டர், பத்து வருஷமா இப்படித்தான்" என்றார் அம்மா. பத்து ஆண்டுகளாக வீட்டில் எல்லாரும் அறிந்திருந்த ஒன்று, நோய் என்று அன்றுதான் முதன்முதலில் பேசப்பட்டது. அப்பாவின் இரத்த அழுத்தத்திற்குத் தூக்கமின்மைதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை 'வயசு' என்று ஒதுக்கி வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்பது உறுதி.

ஏன் நாட்பட்டதாகிறது?

1987இல் ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் தூக்கமின்மைக்கு மூன்று வகைக் காரணங்களை எடுத்துரைத்தார்கள். முதலாவது, ஒருவரிடம் இயல்பாக அமைந்த காரணம். எளிதில் கவலைப்படும் குணம் போன்றது. இரண்டாவது, தூண்டிவிடும் காரணம். தேர்வு, குடும்பத்தில் இறப்பு, வேலை நேர மாற்றம் போன்றவை. மூன்றாவதுதான் முக்கியமானது. அது நீட்டித்து வைக்கும் காரணம். தூக்கம் வரவில்லையே என்று நாம் செய்யும் செயல்களே தூக்கத்தை விரட்டுகின்றன. இழந்த தூக்கத்தை ஈடுகட்ட மாலையில் தூங்குகிறோம். இரவில் தூக்கம் வராது. ஒன்பது மணிக்கே படுத்துப் புரளுகிறோம். படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிக்கொள்கிறது. தேர்வு முடிந்துவிடும், தூண்டிய காரணம் போய்விடும். பழக்கம் மட்டும் நின்றுவிடும்.

விடுதி மாணவர்களின் நிலை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. அறையில் நமக்கென்று இருக்கும் இடம் ஒரு கட்டில். அதிலேயே சாப்பிடுகிறோம், மடிக்கணினியில் படைப்பு தயாரிக்கிறோம், வீட்டிற்குப் பேசுகிறோம், கவலைப்படுகிறோம். பிறகு அதிலேயே தூங்கவும் முயல்கிறோம்.

தீர்வு உண்டா?

உண்டு. அது மாத்திரை அன்று. 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி, நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. தூக்கத்தைப் பற்றிய தவறான எண்ணங்களையும், அதை விரட்டும் பழக்கங்களையும் சில வாரங்களில் படிப்படியாக மாற்றும் முறை இது. பயிற்சி பெற்றவரிடம் செய்வதே சிறப்பு. எனினும் அதன் அடிப்படைகள் சிலவற்றை நாம் இன்றே கைக்கொள்ளலாம்.

1. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். சனி, ஞாயிறும் இதில் அடங்கும்.

2. கட்டிலைத் தூக்கத்திற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படிப்பதற்கு மேசை, நூலகம், படிப்பறை என்று வேறிடம் தேடுங்கள்.

3. படுத்து ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்து, தூக்கம் வரும்போது மீண்டும் படுங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

4. மாமாக் கடைத் தே தாரிக்கையும் காப்பியையும் பிற்பகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. காஃபீன் அதன் வழியை மறித்துக்கொள்கிறது. குடித்து ஐந்து மணி நேரம் ஆகியும் அதில் ஏறத்தாழ பாதி உடலில் தங்கியிருக்கும்.

5. மதுவைத் தூக்க மருந்தாக எண்ணாதீர்கள். அது விரைவில் மயக்கும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும். பிறருடைய தூக்க மாத்திரையையும் வாங்கி விழுங்காதீர்கள்.

6. கவலைகளை மாலையிலேயே ஒரு தாளில் எழுதி மூடி வையுங்கள். மறுநாள் செய்ய வேண்டியவற்றையும் எழுதுங்கள்.

ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோர் உள்ள வீடுகளில் நம்மால் ஆன உதவி ஒன்று உண்டு. இரவு வேலை முடித்து வந்தவர் தூங்கும் அறையின் சன்னலைத் தடித்த துணியால் மறைத்து, அந்நேரத்தில் வீட்டை அமைதியாக வைத்திருப்பதே அது.

மூன்று மாதங்களுக்கும் மேல் தூக்கமின்றித் தவித்தால் மருத்துவரைக் காணுங்கள். பல்கலைக்கழக மருந்தகத்திலோ, குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்டில் சிகிச்சை தரும் அரசாங்கச் சுகாதார கிளினிக்கிலோ இதைச் சொல்லலாம். பலத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் இருந்தால் அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் வேறொரு நோயாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை வேறு. வாழ்க்கையே வெறுத்துப்போகும் அளவுக்கு மனம் சோர்ந்திருந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

முடிவுரை

தூக்கமின்மையைப் பற்றிப் படித்தபின் "ஐயோ, எனக்குத் தூக்கம் வராதே, இதயம் போய்விடுமே" என்று அஞ்சிக்கொண்டே படுப்பதும் தவறு. அந்த அச்சமே தூக்கத்தை விரட்டும். இங்குச் சொன்ன பாதிப்புகள் பலவும் ஆண்டுக்கணக்கில் நீடிப்பவற்றைப் பற்றியவை. ஓரிரு இரவுகள் தூங்காததாலேயே அத்தகைய நீண்டகாலப் பாதிப்புகள் வந்துவிடுவதில்லை. நீடிக்க விடுவதுதான் தவறு.

உணவைப் பற்றி வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் அளவறிந்து உண்ணச் சொன்னார். தூக்கத்திற்கும் அந்த அளவு பொருந்தும். அடுத்த தேர்வுக்கு முன் இரவு, படித்ததை மூளை அடுக்கி வைக்க ஏழு மணி நேரத்தை ஒதுக்குங்கள். விடுமுறையில் வீட்டிற்குப் போகும்போது, அப்பா அம்மாவிடம் மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு, இரவில் தூக்கம் வருகிறதா என்றும் கேளுங்கள். "வயசாச்சு" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள்.